டோப்பா இல்லாத ராணி

1599 செப்டம்பர் 28. காலை பத்து மணி இருக்கும். லண்டனுக்குத் தெற்கே நான்சச் என்று ஓர் அரண்மனை இருந்தது. இப்போது அந்த இடம் வெறும் பூங்கா. அயர்லாந்தில் கலகத்தை அடக்கப் போன எஸ்ஸெக்ஸ் பிரபு, உத்தரவில்லாமல் படையை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, முகத்திலும் உடையிலும் சேறு தெறித்திருக்க, யாரையும் கேட்காமல் ராணியின் படுக்கையறைக்குள் நுழைந்துவிட்டான். முதலாம் எலிசபெத் அப்போதுதான் எழுந்திருந்தாள். வயது அறுபத்தாறு. முகத்தைச் சுற்றிக் கூந்தல் கலைந்து கிடந்ததாக, அரண்மனையில் இருந்த ரோலண்ட் வைட் என்பவர் தன் எஜமானருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவ்வளவுதான். டோப்பாவைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு பேச்சும் இல்லை.

ஆனால் என் மனதில் ஓடும் காட்சியில் அவள் தலை கிட்டத்தட்ட மொட்டை. அங்கங்கே நரைமயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிவப்பு டோப்பா மேசைமேல் இருக்கிறது. வாசலில் நிற்கிறவன் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டான் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. இது எங்கே பார்த்தது, புத்தகத்திலா, சினிமாவிலா, ஆப்பராவிலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷத்தில் எனக்குள் வந்து சேர்ந்த எலிசபெத்துகள் எல்லோரும் ஒருத்தியாகிவிட்டார்கள்.

முதலில் வந்தவள் முகமே இல்லாதவள். எம்.ஏ. வகுப்பில் ஸ்பென்சரின் 'ஃபேரி குவீன்' பாடம். நடத்திய சார், புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்: "தலைப்புல இருக்கிற ராணியைத் தேடிக்கிட்டே போங்க. கடைசிவரைக்கும் வரமாட்டா." உண்மைதான். 1590இல் மூன்று காண்டம், 1596இல் ஆறு காண்டம் என்று வெளிவந்த அவ்வளவு பெரிய காவியத்தில் குளோரியானா என்ற ராணி ஆர்தரின் கனவில் ஒருமுறை வந்து போகிறாள். மற்றபடி எல்லோரும் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு காட்டிலும் கோட்டையிலும் அலைகிறார்கள். குளோரியானா என்றால் எலிசபெத்தான் என்று ஸ்பென்சரே நூலோடு சேர்த்த கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். பாட்டுடைத் தலைவியைக் கண்ணில் காட்டாமலே பாடி முடித்த புலவர். வருஷத்துக்கு ஐம்பது பவுன் மானியம் கிடைத்தது. வேட்டையாடும் கன்னி பெல்ஃபீபியும் ராணியின் சாயல்தான். அந்தப் பாத்திரத்துக்கு இளமை பொங்கி வழிகிறது. காவியம் அச்சேறிய ஆண்டில் ராணிக்கு ஐம்பத்தேழு வயது.

ஸ்பென்சர் காட்டிய எதிரியை மட்டும் எல்லோரும் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஐந்தாம் காண்டத்தில் விசாரணைக்கு நிற்கும் டியூஸா தன் தாய் மேரிதான் என்று ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் கொதித்துப்போய், புலவருக்குத் தண்டனை வேண்டும் என்று கேட்டார். நடக்கவில்லை.

ராணி ஏன் காவியத்தில் முகம் காட்டவில்லை என்ற கேள்வியை அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. பரீட்சை எழுதினேன், மறந்தேன். பிறகு ஹாட்ஃபீல்டு ஹவுஸில் இருக்கும் வானவில் ஓவியத்தை ஒரு புத்தகத்தில் பார்த்தபோதுதான் அது திரும்ப வந்தது. ஆடை முழுவதும் கண்களும் காதுகளும் வரைந்திருக்கிறார்கள். கையில் வானவில். முகம் இருபது வயதுப் பெண்ணின் முகம். அவள் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் வரைந்த படம் அது. ஓவியர்களுக்கு ஒரே முக மாதிரி போனது; அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். 1596இல் பொருத்தமில்லாத ராணி படங்களைத் தேடி அழிக்கச் சொல்லி ஆலோசனைச் சபை உத்தரவே போட்டது.

உத்தரவுக்குக் கட்டுப்படாதவர்கள் வெளிநாட்டார். 1597இல் பிரெஞ்சுத் தூதர் தெ மெஸ், ராணிக்குப் பல் மஞ்சளாகவும் ஏறுமாறாகவும் இருக்கிறது, இடப்பக்கம் பல் விழுந்திருக்கிறது, வேகமாகப் பேசினால் புரியவில்லை என்று குறித்துவைத்தார். அடுத்த ஆண்டு கிரீனிச் அரண்மனையில் அவள் தேவாலயத்துக்குப் போவதைப் பார்த்த ஜெர்மன் பயணி பால் ஹென்ட்ஸ்னர், முகத்தில் சுருக்கம், கறுத்த பற்கள், பொய்யான சிவப்புக் கூந்தல் என்று எழுதினார். ஆங்கிலேயர்கள் சர்க்கரை அதிகம் தின்பதால் பல் இப்படி ஆகிறது என்று காரணமும் சொன்னார். வைட் எழுதாமல் விட்ட டோப்பா இங்கே இருக்கிறது. பின்னால் வந்த நாடகக்காரர்கள் ஹென்ட்ஸ்னரின் டோப்பாவை எடுத்துக்கொண்டுபோய் எஸ்ஸெக்ஸ் திறந்த அறைக்குள் வைத்துவிட்டார்கள்.

அவள் இருந்தவரை மேடையில் அவளைக் காட்ட ஒரே வழிதான் இருந்தது: அவளைப் பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்துவிட்டுக் கதையை அவளிடம் கொண்டுபோவது. ஜார்ஜ் பீலின் 'பாரிஸின் வழக்கு' நாடகத்தில் எந்தத் தேவதைக்குத் தங்கக் கனி என்ற சண்டை, கடைசியில் டயானா அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ராணியின் கையில் கொடுப்பதில் முடிகிறது. 1575இல் லெஸ்டர் பிரபு கெனில்வொர்த் கோட்டையில் பத்தொன்பது நாள் விருந்து வைத்தார். ஏரியிலிருந்து ஒரு தேவதை மிதந்துவந்து வரவேற்றாள். ராணியைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லும் கூத்து ஒன்றும் தயாராக இருந்தது. மழை என்று அதை மட்டும் நடத்தவில்லை. மழை சரியான நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறது.

பென் ஜான்சன் துணிந்தவர். அவருடைய 'எவ்ரி மேன் அவுட் ஆஃப் ஹிஸ் ஹ்யூமர்' நாடகத்தின் முடிவில் ராணியின் வேடத்தில் ஒரு நடிகர் குளோப் அரங்கில் வந்து நின்றார். அவளைப் பார்த்த கணத்தில் பொறாமைக்காரன் ஒருவன் குணம் மாறுகிறான். புகழ்ச்சிதான், ஆனால் சத்தம் கிளம்பிவிட்டது. முடிவை மாற்றிவிட்டு, நூல் அச்சானபோது தன் பக்க நியாயத்தை நீளமாக எழுதிச் சேர்த்தார். நாடகம் நடந்தது 1599இல். எஸ்ஸெக்ஸ் கதவைத் திறந்த அதே வருஷம். ராணியை அனுமதியில்லாமல் பார்க்கும் இரண்டு காரியம் ஒரே வருஷத்தில் நடந்திருக்கிறது. ஒருவருக்கு நாடகத்தின் கடைசிப் பக்கம் போனது. மற்றவனுக்குத் தலை போனது.

அந்தத் தலை போன கதையிலும் நாடகம் உண்டு. 1601 பிப்ரவரி 7, சனிக்கிழமை. எஸ்ஸெக்ஸின் ஆட்கள் ஷேக்ஸ்பியரின் குழுவிடம் வந்து 'இரண்டாம் ரிச்சர்டு' ஆடச் சொன்னார்கள். மன்னனைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கும் கதை. பழைய நாடகம், கூட்டம் வராது என்று நடிகர்கள் இழுத்தார்கள். வழக்கமான கூலிக்கு மேல் நாற்பது ஷில்லிங் தருகிறோம் என்றதும் ஆடினார்கள். மறுநாள் கலகம். கலகம் ஒரே நாளில் பிசுபிசுத்துப்போனது. விசாரணையில் ஆகஸ்டின் பிலிப்ஸ் என்ற நடிகர், நாற்பது ஷில்லிங்குக்காக ஆடினோம் என்று வாக்குமூலம் கொடுத்துத் தப்பித்தார். பிப்ரவரி 25 அன்று எஸ்ஸெக்ஸின் தலை விழுந்தது. அதற்கு முந்தின இரவு அதே குழு அரண்மனையில் ராணிக்கு முன்னால் நாடகம் ஆடியது. என்ன நாடகம் என்று பதிவில்லை. அன்று அவள் முகம் எப்படி இருந்தது என்றும் யாரும் எழுதிவைக்கவில்லை.

அறைக் கதவு திறந்ததற்கும் இந்த வெட்டுக்கும் நடுவில், 1600 டிசம்பர் 31 அன்று, லண்டன் வணிகர்கள் சிலருக்குக் கிழக்கே போய் வியாபாரம் செய்ய அவள் ஒரு பட்டயம் வழங்கினாள். கிழக்கிந்தியக் கம்பெனி. நாற்பது வருஷம் கழித்து மதராஸ் கடற்கரையில் கோட்டை கட்டினார்கள். நான் பார்த்த எந்த நாடகத்திலும் படத்திலும் இந்தக் காட்சி இல்லை. அவளுடைய காதலும் டோப்பாவும் எல்லாவற்றிலும் இருக்கிறது.

சேகர் கபூரின் 'எலிசபெத்' படத்தை வீட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா பாதியில் வந்து உட்கார்ந்தார். கடைசிக் காட்சி. கேட் பிளாஞ்சட்டின் கூந்தலை வெட்டுகிறார்கள், முகத்தில் வெள்ளை அப்புகிறார்கள், அவர் சிலைபோல நடந்து வருகிறார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது பொம்பளை வேஷமா? ராஜபார்ட்டுல்ல வருது!" என்றார். தாத்தா காலத்து நாடகக் கொட்டகைக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் மீசை முளைக்காத பையன்கள் ஸ்திரீபார்ட் போட்டதும், குரல் உடைந்ததும் வேஷம் போனதும் அவருக்கு அத்துப்படி.

அம்மா சொன்னதை எலிசபெத்தே ஒப்புக்கொண்டிருப்பாள். 1588 ஆகஸ்டில் ஸ்பானியக் கப்பற்படை வந்த சமயம், டில்பரியில் படைவீரர்களிடம் பேசும்போது, உடல் பெண்ணின் உடலானாலும் உள்ளே இருப்பது அரசனின் நெஞ்சு என்ற பொருளில் அவள் பேசியதாகச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு நமக்குக் கிடைத்திருப்பது பல ஆண்டு கழித்து லயனல் ஷார்ப் என்ற பாதிரியார் எழுதிய ஒரு கடிதத்தில். அச்சில் வந்தது 1654இல். அன்று அவள் மார்க்கவசம் அணிந்திருந்தாள் என்பதும் பின்னால் சேர்ந்ததாக இருக்கலாம். கபூரின் இரண்டாம் படமான 'கோல்டன் ஏஜ்', கவசத்தோடு அவளை வெள்ளைக் குதிரையில் ஏற்றி, செக்கச்சிவந்த கூந்தலைக் காற்றில் பறக்கவிட்டது. நிஜத்தில் அவளுக்கு அப்போது வயது ஐம்பத்தைந்தை நெருங்கியிருந்தது. எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. கிரேக் ஆம்ஸ்ட்ராங்கோடு சேர்ந்து ஏ.ஆர். ரஹ்மான் போட்ட இசை மட்டும் கதை தள்ளாடும் இடங்களைப் பிடித்து நிறுத்துகிறது.

முதல் படத்திலும் புளுகு நிறைய. ராபர்ட் டட்லி கல்யாணமானவன் என்று ராணிக்குத் திடீரென்று தெரியவந்து இடிந்துபோகிறாள். அந்தக் கல்யாணம் 1550இல் ஊரறிய நடந்தது. அவள் தம்பி எட்வர்ட் மன்னனே போய்வந்து நாட்குறிப்பில் எழுதியிருக்கிறான். இருந்தும் அந்தப் படத்தை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். பூலான் தேவியின் கதையை எடுத்துவிட்டு வந்த ஆள் அல்லவா கபூர். ஆண்களின் கூட்டத்தில் தனியாக நிற்கும் பெண் எந்த இடத்தில் இறுகிப்போகிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ராணிகளின் படங்களில் பொதுவாக ஒப்பனை கடைசியில் கலையும். இதில் கடைசியில்தான் ஏறுகிறது. அந்த ஆண்டு ஒப்பனைக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான். பிளாஞ்சட்டுக்குக் கிடைக்கவில்லை. அதே இரவில் அதே ராணியாக 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' படத்தில் சில நிமிஷங்களே வந்த ஜூடி டென்ச்சுக்குத் துணைநடிகை விருது கிடைத்தது. அதில் ராணி பொது அரங்கில் நாடகம் பார்க்கிறாள். நிஜத்தில் நாடகம்தான் அரண்மனைக்குப் போனது. அவள் கொட்டகைக்குப் போனவள் அல்ல.

ஸ்திரீபார்ட் என்றதும் தாமஸ் ஹேவுட் நினைவுக்கு வருகிறார். ராணி 1603 மார்ச் 24 அன்று ரிச்மண்டில் இறந்தாள். 1605இலேயே அவர் எழுதிய நாடகம் அச்சில் வந்துவிட்டது: அக்காவின் ஆட்சியில் சிறைப்பட்டு அல்லல்பட்ட இளவரசி முடி சூடும் கதை. அவளாக ஆடியவன் ஒரு பையன். ஜான்சனுக்குக் கிடைக்காத அனுமதி, அவள் கண்ணை மூடியதும் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. நாடகம் திரும்பத் திரும்ப அச்சேறியது. 1613இல் ஷேக்ஸ்பியரும் ஃபிளெட்சரும் சேர்ந்து எழுதிய 'எட்டாம் ஹென்றி'யில் அவள் கைக்குழந்தை. அந்தக் குழந்தையைப் பார்த்து ஒரு பேராயர் பொற்காலம் வரப்போகிறது என்று ஆரூடம் சொல்கிறார். ஜூன் 29 அன்று அந்த நாடகத்தில் வெடித்த பீரங்கியின் பொறி கூரையில் விழுந்து குளோப் அரங்கம் எரிந்து சாம்பலானது. ஒருத்தனுக்குக் கால்சட்டையில் தீப்பிடிக்க, கையிலிருந்த பியரை ஊற்றி அணைத்தார்களாம்.

கடல் தாண்டியதும் அவள் கெட்டவளாகிவிட்டாள். ஷில்லரின் 'மரியா ஸ்டூவர்ட்' 1800இல் வைமாரில் மேடையேறியது. எலிசபெத்தும் ஸ்காட்லாந்து ராணி மேரியும் வாழ்நாளில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதே இல்லை. ஷில்லர் ஒரு தோட்டத்தில் இருவரையும் சந்திக்கவைத்தார். அதற்குப் பிறகு அந்தச் சந்திப்பு இல்லாமல் யாராலும் கதை சொல்ல முடியவில்லை. 2018இல் வந்த சினிமாவரை அதே பாடு. வயதையும் ஷில்லர் குறைத்துவிட்டார்: எலிசபெத் முப்பதுக்கு மேல் தெரியக் கூடாது என்று நாடகக்காரர்களுக்குச் சொல்லியிருந்தார். மேரிக்கு மரண தண்டனை நிறைவேறிய 1587இல் அவளுக்கு ஐம்பத்து மூன்று. உயிரோடு இருந்தபோது ஓவியர்களை மிரட்டி வாங்கிய இளமையை, அவளை வில்லியாக்கிய ஜெர்மானியர் கேட்காமலே கொடுத்தார்.

டோனிசெட்டி அதை ஆப்பராவாக்கினார். 1834இல் நேப்பிள்ஸில் ஒத்திகை. மேரி எலிசபெத்தை முறைதவறிப் பிறந்தவள் என்று ஏசும் இடத்தில், மேரியாகப் பாடிய பெண் கொஞ்சம் அதிகமாகவே அனுபவித்து ஏசியிருக்கிறார். எலிசபெத்தாகப் பாடியவர் பாய்ந்து தலைமயிரைப் பிடித்துவிட்டார். அந்தச் சண்டையை ஐரோப்பா முழுக்கப் பேசினார்கள். நேப்பிள்ஸ் மன்னர் ஆப்பராவையே தடைசெய்தார். 2016இல் லண்டன் அல்மெய்டா அரங்கில் ஷில்லரை ஆடியபோது, தினமும் நாணயத்தைச் சுண்டிவிட்டு, ஜூலியட் ஸ்டீவன்சன், லியா வில்லியம்ஸ் இருவரில் யார் ராணி, யார் கைதி என்று முடிவு செய்தார்கள். ஷில்லரை ஆடியதில் நான் கேள்விப்பட்ட மிகச் சரியான யோசனை இதுதான்.

இருபதாம் நூற்றாண்டு மறுபடி அந்தக் கதவுக்கு வந்தது. லிட்டன் ஸ்ட்ரேச்சியின் 'எலிசபெத் அண்ட் எஸ்ஸெக்ஸ்' 1928இல் வெளிவந்தது. கிழட்டு ராணியும் இளம் பிரபுவும் என்ற கதையை எல்லோர் மனதிலும் பதித்தது அதுதான். 1939இல் சினிமாவில் பெட்டி டேவிஸ் அந்த ராணியானார். வயது முப்பத்தொன்று, அறுபதைக் கடந்தவளாகத் தெரிய முன்நெற்றி முடியை மழித்துக்கொண்டார். எதிரே எரால் ஃபிளின். டேவிஸுக்கு லாரன்ஸ் ஆலிவியர்தான் எஸ்ஸெக்ஸாக வேண்டும் என்று ஆசை. அந்தப் படத்தில் டேவிஸ் கண்ணாடிகளை உடைக்கும் இடம் இருக்கிறது. ரோஷமும் பயமும் ஒன்றாகத் தெறிக்கும். மற்ற இடங்களில் கையும் தோளும் ஓயாமல் துடித்துக்கொண்டே இருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் கண்ணாடி உடைவது மறக்கவில்லை.

1953 ஜூன் 8. இரண்டாம் எலிசபெத் முடிசூடி ஆறு நாள். ராயல் ஆப்பரா ஹவுஸில் புது ராணிக்காக பெஞ்சமின் பிரிட்டனின் 'குளோரியானா' அரங்கேறியது. வந்திருந்தவர்கள் மந்திரிகள், தூதர்கள், நகை பூட்டிய சீமாட்டிகள். பாராட்டும் பவிசும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் அங்கத்தில் எஸ்ஸெக்ஸ் அறைக்குள் பாய்கிறான். ஜோன் கிராஸ் டோப்பா இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். இருபத்தேழு வயது ராணி மேலே அமர்ந்து, தன் பெயர்கொண்ட கிழவியின் வெறுந்தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கையுறை போட்ட கைகள் அரைமனதாகத் தட்டின. முகஸ்துதியையே எதிர்பார்த்த சபையில், ஸ்பென்சரிலிருந்து மூன்றரை நூற்றாண்டாக யாரும் அரசிக்கு முன்னால் வைக்காததைப் பிரிட்டன் வைத்தார். அன்று தோற்றது இசை அல்ல, சபைதான் என்று நான் நினைக்கிறேன். என் மனதில் மேசைமேல் இருக்கும் டோப்பா இந்த ஆப்பராவிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

'ஆர்லாண்டோ' படத்தில் கிழட்டு எலிசபெத்தாக வந்தவர் குவெண்டின் கிரிஸ்ப். எண்பதைத் தாண்டிய ஆண். ஹேவுட் காலத்தில் பையன் போட்ட வேஷம் கிழவரிடம் வந்து சேர்ந்தது. அம்மா இருந்தால் காட்டியிருப்பேன்.

கிளெண்டா ஜாக்சனைக் கடைசிக்கு வைத்திருந்தேன். 1971இல் பிபிசி ஆறு பகுதிகளாகக் காட்டிய 'எலிசபெத் ஆர்'. முன்தலையை மழித்துவிட்டு, பதின்வயதிலிருந்து அறுபத்தொன்பது வரை அவர் ஒருவரே நடித்தார். செட்டு அட்டைதான், போர் என்று பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. ஆனால் இந்த ராணிக்கு மூளை இருந்தது, அரசாங்கம் நடத்தினாள், ஒரு முடிவையும் எடுக்காமல் தள்ளிப்போட்டே நாட்டைக் காப்பாற்றினாள் என்பதையெல்லாம் காட்டிய நடிப்பு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். பிறகு அவர் நடிப்பை விட்டுவிட்டு 1992இல் நாடாளுமன்ற உறுப்பினரானார் என்று படித்தபோது ஆச்சரியமே வரவில்லை. எலிசபெத்தைப் பற்றி ஏதாவது பார்க்க நினைக்கிறவர்கள் அதை முதலில் பாருங்கள். ஆறும் முடியாது என்றால் கடைசிப் பகுதியை மட்டுமாவது பார்த்துவிட்டு, பிறகு கபூரிடம் வாருங்கள்.